சாவி பெற்றுக்கொண்டேன்

காவிரிக்கரைப் பல்கலைக்கழகம் திருச்சியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் தேடிக்கொண்டு போக வேண்டாம். போனாலும் பி பிளாக்கைக் காட்ட மாட்டார்கள். காட்டினாலும் அது தங்களுடையதில்லை என்று சத்தியம் செய்வார்கள். திருவெறும்பூர் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில், வேப்பமரங்களுக்குப் பின்னால் நின்ற அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளக் கூரை ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்துகொண்டிருந்தது. நிர்வாகத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒரே ஒருவர், கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் பிரிவின் அலுவலர் டோமினிக். அவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருந்தது. இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்று எல்லோரும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் கேட்டால்தானே.

முதல் துண்டு விழுந்தது ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணி இடைவேளையில். நாலு பெண் பிள்ளைகள் டீ குடிக்க எழுந்து போன பெஞ்சில், அந்த நாலு பேரும் உட்காரும் அகலத்துக்கு ஒரு பாளம். பெஞ்சு இரண்டாக முறிந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து நடுங்கிப்போய் அழுதார்கள். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. பெஞ்சை உடைத்தது யார் என்று உடனே விசாரணை வைத்தது.

அந்த மாடியில் இருந்தது புள்ளியியல் துறை. துறைத் தலைவர் ஷரீபா, பயப்படுவதற்கு முன்னால் கணக்குப் போடுகிறவர். விழுந்த ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி ஒட்டி, ஒரு வரைபடமும் வரைந்தார். முதலில் பத்தொன்பது நாளுக்கு ஒரு துண்டு, பிறகு பன்னிரண்டு நாளுக்கு ஒன்று, இப்போது ஆறு நாளுக்கு ஒன்று. கோடு போகிற போக்கைப் பார்த்தால் ஜனவரிக்கு மேல் துண்டு துண்டாக விழ வேண்டிய அவசியமே கூரைக்கு இருக்காது என்று எழுதி, பதிவாளருக்கு அனுப்பினார். கட்டடங்கள் தங்கள் துறையின் பாடத்திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

ஷரீபா கவர்களைத் தூக்கிக்கொண்டு டோமினிக்கிடம் வந்தார். டோமினிக் ஒரு துண்டைக் கையில் வைத்து லேசாக அழுத்தினார். ரவா லட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே சிப்பி இருந்தது, செங்கல் தூள் இருந்தது, காலிப் பாக்குப் பொட்டலம் இருந்தது, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவெறும்பூருக்கு யாரோ எடுத்த பஸ் டிக்கெட் ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. சிமென்ட்டைத்தான் தேட வேண்டியிருந்தது.

"சார், இதுக்குக் கீழதான் ஜனவரி ரெண்டாம் தேதி செமஸ்டர் பரீட்சை. இருநூத்தி நாப்பது பிள்ளைங்க," என்றார் ஷரீபா. "அதுக்குள்ள அந்த பிளாக்கைப் பூட்ட வச்சிருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

டோமினிக் பொதுப்பணித்துறைக்கு எழுத ஆரம்பித்தார். கான்கிரீட்டைப் பரிசோதிக்கக் கட்டடத்திலிருந்து ஒரு மாதிரி எடுக்க அனுமதி கேட்டார். கட்டடத்திலிருந்து எதையும் பெயர்ப்பது அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதாகும் என்று பதில் வந்தது. சரி, பெயர்க்க வேண்டாம் என்று தானாக விழுந்த துண்டுகளை அனுப்பி வைத்தார். விழுந்துவிட்ட துண்டு கட்டடத்தின் பகுதி ஆகாது என்று அவை திரும்பி வந்தன. ஒட்டிக்கொண்டிருந்தால் தொடக் கூடாது, விழுந்துவிட்டால் சொந்தமில்லை. பாதி விழுந்து தொங்கிக்கொண்டிருக்கிற துண்டாகப் பார்த்து அனுப்பலாமா என்று டோமினிக் நிஜமாகவே கேட்டு எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருவழியாக ஆய்வுக்கு ஆள் வந்தது. அந்தத் துறையின் செயற்பொறியாளர் நவநீதனும் நாலு உதவியாளர்களும் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஐந்து பேரும் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கட்டடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

"உள்ள வாங்க சார், மூணாவது மாடி," என்றார் டோமினிக்.

"வரலாம்ங்க. கட்டடத்துக்குப் பாதுகாப்புச் சான்று இருக்கா?"

"அதைக் குடுக்கத்தானே சார் நீங்க வந்திருக்கீங்க?"

"சான்று இல்லாத கட்டடத்துக்குள்ள எங்க ஆளுங்களை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லைங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"உள்ள இப்ப முந்நூறு பிள்ளைங்க கிளாஸ்ல இருக்காங்க சார்."

"அவங்க எங்க டிபார்ட்மென்ட் இல்லையே," என்றார் நவநீதன். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

செல்போனில் தூரத்திலிருந்தே நாலைந்து படம் எடுத்தார்கள். மெதுவடை, டீ ஆயிற்று. மூன்றாம் நாள் சான்று வந்து சேர்ந்தது: "தொலைவிலிருந்து பார்த்த அளவில் கட்டடம் நின்றுகொண்டிருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு உபயோகிக்கலாம்." நிபந்தனைகளைப் பதிவாளர் அலுவலகம் சுற்றறிக்கையாக அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. மூன்றாம் தளத்தில் ஓடக் கூடாது. பெஞ்சை இழுக்கக் கூடாது, தூக்கி வைக்க வேண்டும். கைதட்டல் அறவே கூடாது. வருகைப் பதிவின்போது தாழ்ந்த குரலில் பதில் சொல்ல வேண்டும். தும்மல் வருகிறவர்கள் கூடுமானவரை தரைத்தளத்துக்கு வந்துவிட்டுத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் ஒரு வாரம் பூனை நடை நடந்து சிரித்தார்கள். டோமினிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாடிக்குப் போகும்போதெல்லாம் அவர் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்து, இரண்டு தடவை பெஞ்சில் முட்டிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது பதிவாளர் அவரைக் கூப்பிட்டார். மேஜையில் பி பிளாக்கின் கோப்பு திறந்து கிடந்தது. இந்தக் கட்டடத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு வாரமாகத் தேடியிருக்கிறார்கள். முதலில் வாசலில் இருக்கும் கல்வெட்டைப் பார்த்தார்கள். கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில், "இக்கட்டடம்" என்று ஆரம்பித்து, ஒரு முழ நீளத்துக்கு வெற்றிடம் விட்டு, "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" என்று முடிந்திருந்தது. யார் பெயர் மேலே வர வேண்டும் என்ற சண்டையில் அந்தக் காலத்தில் திறப்பு விழாவே நடக்கவில்லை. அன்று பெயர் போடச் சொல்லி அடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் இப்போது தங்கள் அடக்கத்தை நினைவுபடுத்தி போன் செய்துகொண்டிருந்தார்கள். கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆபீஸ் இருந்த இடத்தில் பிரியாணிக் கடை நடந்தது.

கோப்பிலும் அதே கதைதான். நூற்றுப் பதினாறு பக்கத்திலும் கையெழுத்துகள் இருந்தன, ஆனால் ஒன்றுகூட யாருடையது என்று சொல்லும்படி இல்லை. ஒரு சுழி, ஒரு வளைவு, வாலை நீட்டிய ஒரு கோடு. கடைசிப் பக்கத்தில் மட்டும் முத்து முத்தான தமிழில் ஒரு வரி இருந்தது: "பி பிளாக் பிரதான வாயில் சாவி ஒன்று மட்டும் பெற்றுக்கொண்டேன். அ. டோமினிக்."

"பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல எல்லாரும் படிக்க முடியாத கையெழுத்துதான் போட்டிருக்காங்க," என்றார் பதிவாளர். "உங்களுக்கு மட்டும் என்ன சார் வந்துச்சு?"

என்ன வந்தது என்று டோமினிக்குக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று வைகுண்ட ஏகாதசி, திருச்சி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பக்கத்து சீட் தேசிகன் ஸ்ரீரங்கத்துக்காரர். ஏகாதசிக்கு அவரை ஆபீஸ் டியூட்டியில் போட்டால் பெருமாளே வந்து மெமோ கொடுப்பார் என்று சொல்லுகிற ஆள். அதனால் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. கிறிஸ்துமஸ் வாரத்தில் தேசிகன் டோமினிக்கின் வேலையையும் பார்ப்பார், ஏகாதசியன்று டோமினிக் தேசிகனுக்காக ஆபீசில் உட்காருவார். அன்றும் உட்கார்ந்திருந்தார், தன்னந்தனியாக. ஊரே சொர்க்கவாசலுக்குப் போயிருக்கிற நாளாகப் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து சாவியை நீட்டினான். ஃபாதர் ஸ்கூலில் இரட்டைக்கோடு நோட்டில் எழுதிப் பழகிய கை, முழுப் பெயரையும் திருத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த ஏற்பாட்டின் அபாயம் அன்று இருவருக்கும் புரியவில்லை.

பதிவாளர் குரலைத் தணித்தார். "இங்க பாருங்க. கட்டடம் நல்லா இருக்குன்னா நீங்களும் நல்லா இருக்கீங்க. கட்டடம் மோசம்னு எழுதுனீங்கன்னா, மோசமான கட்டடத்தை வாங்குனது யாருன்னு கேப்பாங்க. பதினேழு பி சார்ஜ் மெமோ வரும், ரிட்டையர்மென்ட்டை நிறுத்தி வச்சிருவாங்க. எழுதுன லெட்டரை வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. பரீட்சை நடக்கட்டும்."

டோமினிக்குக்குப் பயம் வந்தது. மறைப்பானேன், நன்றாகவே வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர், பஸ்ஸில் பாலக்கரை வந்து சேரும்வரை அந்த ஒரு வரியை மனசுக்குள் பதினைந்து விதமாக எழுதிப் பார்த்தார். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன.

வீட்டில் மனைவி ரோசரி கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார். ஷரீபாவின் கவர்களில் ஒன்று, பரிசோதனைக்கு அனுப்பித் திரும்பி வந்தது, டோமினிக்கின் பையில் ஒரு வாரமாகக் கிடந்தது. ரோசரி அதை எடுத்து, மலைக்குப் பாறையாக வைத்து, அதன் மேல் ஆடு மேய்க்கும் களிமண் இடையன் ஒருவரை நிற்க வைத்தார். காலையில் பார்த்தால் பாறை உதிர்ந்து, இடையன் மாட்டுத்தொழுவத்தின் மேல் விழுந்து, சூசையப்பரின் கை ஒடிந்திருந்தது.

"என்னங்க கல்லு இது? ஒரு சாண் பொம்மையைத் தாங்க மாட்டேங்குது," என்றார் ரோசரி. "எங்கேருந்து பொறுக்கிட்டு வந்தீங்க?"

டோமினிக் சொன்னார். ரோசரி கையில் சூசையப்பரின் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அதுக்குக் கீழயா பிள்ளைங்களை உக்கார வைக்கப் போறீங்க?"

"நான் எங்க வைக்கிறேன்? அவங்க வைக்கிறாங்க."

"சாவி யாரு வாங்குனது?" என்று கேட்டுவிட்டு ரோசரி பசை தேடி உள்ளே போய்விட்டார். கணவரின் உத்தியோகத்தைப் பற்றி அதற்கு முன்னால் அவர் எதுவும் கேட்டதில்லை.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் தேசிகன் வழக்கம் போல அவர் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"சுவாமி, நாளைக்கு ஏகாதசி. நம்பெருமாள் ரத்னாங்கி சேவை. அடியேன் வழக்கம் போல..."

"போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

"முகமே சரியில்லையே. லெட்டரை வாபஸ் வாங்கிண்டுடுங்கோ சுவாமி. பெருமாள் பாத்துப்பார்."

"உங்க பெருமாளைச் சேவிக்க நாளைக்கு லட்சம் பேர் வருவாங்க தேசிகன். அவருக்கு அங்கயே வேலை சரியா இருக்கும்," என்றார் டோமினிக்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் ஜனம் பரமபத வாசல் வழியாக முண்டியடித்துக்கொண்டு நுழைந்துகொண்டிருந்த நேரத்தில், டோமினிக் ஆளில்லாத பி பிளாக்கின் மாடிப்படிகளில் ஏறினார். மூன்றாம் தளத்துக் கூடத்தில் பரீட்சைக்கு மேஜைகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பதிவு எண் எழுதியிருந்தார்கள். நூற்றுப் பதினெட்டாவது மேஜையின் மேல் ஒரு துண்டு விழுந்து கிடந்தது, நேற்றுச் சாயங்காலம் அது அங்கே இல்லை. நூற்றுப் பதினெட்டு யாரோ, என்ன பெயரோ, இந்நேரம் எங்கேயோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். டோமினிக் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, கழிவறைகளைக்கூட விடாமல் பார்த்து, கீழே இறங்கி வந்தார். பிரதான வாயிலின் இரும்பு கிரில் கதவைப் பதினோரு வருஷமாக யாரும் மூடியதில்லை. தேங்காயெண்ணெய் விட்டு, தோளால் முட்டித் தள்ளி மூடினார். பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜெபமாலையைத் தொட்டுப் பார்ப்பது போல இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஒன்பதரைக்கே பதிவாளர் அறையில் கூட்டம் கூடிவிட்டது. தேர்வாணையர் வந்திருந்தார். நவநீதன் வேறு ஏதோ வேலையாக வந்தவர், வகையாக மாட்டிக்கொண்டார்.

"யாரைக் கேட்டுப் பூட்டுனீங்க?" என்றார் பதிவாளர்.

"சாவி என்கிட்டதானே சார் இருக்கு. நீங்கதான் கோப்புல காட்டுனீங்க."

"மரியாதையா சாவியைக் குடுங்க."

"தாராளமா தரேன் சார்," என்று டோமினிக் கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். "என் கையெழுத்துக்குக் கீழ, சாவி பெற்றுக்கொண்டேன்னு ஒரு வரி. படிக்கிற மாதிரி முழுப் பேர். அவ்வளவுதான்."

பதிவாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கழற்றிய மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்ப மாட்டினார். "நியாயமாப் பார்த்தா பரீட்சைக்குத்தானே சாவி வேணும். தேர்வாணையர் வாங்கிக்கலாமே?"

"எனக்கு வினாத்தாள் மட்டும்தான் சார் பொறுப்பு. கட்டடம் வராது," என்றார் தேர்வாணையர். "சான்று குடுத்தவரு நவநீதன் சார். அவரே வாங்கிக்கட்டும்."

"நான் தொலைவிலேருந்து பார்த்தேன்னுதான் எழுதியிருக்கேன்," என்று நவநீதன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பூட்டை உடைச்சிருவோம்!" என்றார் பதிவாளர்.

"உடைக்கலாம் சார்," என்றார் டோமினிக். "உடைக்கச் சொல்லி ஒரு உத்தரவு போட்டுக் குடுங்க. கையெழுத்தோட."

ஒன்றேகால் மணி நேரம் அந்தச் சாவி மேஜை நடுவில் கிடந்தது. ஆளாளுக்கு டீ கிளாஸை அதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் யாரும் எதையும் முடிவு செய்யாமலே கூட்டம் கலைந்தது, டோமினிக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஜனவரி இரண்டாம் தேதி இருநூற்று நாற்பது பிள்ளைகளும் சைக்கிள் ஸ்டாண்டில் ஷாமியானா கட்டிப் பரீட்சை எழுதினார்கள். வெயில் அடித்தது, கேள்விகள் கடினம், ஒரு மாடு குறுக்கே போனது. ஷரீபா கண்காணிப்பாளராக நின்றுகொண்டு, மூக்கைச் சிந்துகிற சாக்கில் அழுதார்.

அடுத்த வாரம் கல்வெட்டில் யாரோ வேலை காட்டியிருந்தார்கள். வெற்றிடத்தில் சாக்பீஸால் "டோமினிக் சார்" என்று எழுதி, "திறந்து" என்பதை அடித்து, மேலே "பூட்டி" என்று போட்டிருந்தார்கள். டோமினிக் அதைப் படித்ததும் உள்ளுக்குள் ஒரு நிமிஷம் குளிர்ந்துபோனார். மறு நிமிஷமே, ஐயையோ, இது இன்னொரு சாட்சி ஆயிற்றே என்று ஈரத்துணி கொண்டுவந்து, சுற்றுமுற்றும் பார்த்து, அழுத்தித் துடைத்தார்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மழையில்லை, காற்றில்லை, யாரும் தும்மவில்லை. காலை பதினொன்று இருபதுக்கு பி பிளாக்கின் கூரை மூன்றாம் தளத்துக்கு வந்தது, மூன்றாம் தளம் இரண்டாம் தளத்துக்கு வந்தது, பிறகு எல்லாம் சேர்ந்து தரைக்கு வந்தன. வேப்பமரங்களின் மேல் புழுதி படர்ந்து, பல்கலைக்கழகம் முழுக்க இருமியது. அது அடங்கியபோது கிரில் கதவு மட்டும் நின்றுகொண்டிருந்தது, பூட்டு தொங்கியபடி. தன் வரைபடம் சில நாள் பிசகிவிட்டதே என்று சொல்லிக்கொண்டே ஷரீபா டோமினிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிர்வாகம் இந்தத் தடவை மின்னல் வேகம். மறுநாள் காலையிலேயே டோமினிக்குக்கு மெமோ வந்துவிட்டது. "தங்கள் பொறுப்பில் இருந்த அரசுக் கட்டடம், தங்கள் பொறுப்பில் இருந்தபோதே, முன் அனுமதியின்றி இடிந்து விழுந்துள்ளது. இதற்குத் தாங்களே முழுப் பொறுப்பு என ஏன் கருதக் கூடாது என்பதற்கு எழுத்துபூர்வமாக விளக்கம் அளிக்கவும்." கீழே ஒரு சுழி, ஒரு வளைவு, வாலை நீட்டிய ஒரு கோடு.

தேசிகன் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீர் அடியேனுக்காக உக்காந்த நாள்ல வாங்கின சாவி சுவாமி அது. அன்னிக்கு அடியேன் கோவிலுக்குப் போகாம இங்க வந்திருந்தா..."

"நீங்க வந்திருந்தா கிறுக்கிக் குடுத்திருப்பீங்க," என்றார் டோமினிக். "கட்டடம் திறந்தே இருந்திருக்கும்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து விளக்கம் எழுதினார். அரைப் பக்கம் எழுதுவார் என்று தேசிகன் எதிர்பார்த்தார். இரண்டே வரி எழுதினார். "கட்டடம் விழுந்தது உண்மை. உள்ளே யாரும் இல்லை."

"இனிஷியல் மட்டும் போடுங்கோ சுவாமி," என்று தேசிகன் குனிந்து காதருகே கெஞ்சினார். "ஒரு கிறுக்கல் போரும். இத்தனைக்கு அப்புறமாவது."

டோமினிக் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்துத் தாள் பறக்காமல் அதன் மேல் வைத்தார். பிறகு இரட்டைக்கோடு நோட்டில் எழுதுவது போல, ஒரு புள்ளி விடாமல், தன் முழுப் பெயரையும் எழுதினார்.